கொசுறு

கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: காசு கொடுத்து வாங்கியது சாகும், கொசுறாக வந்தது சாகாது. கொளத்தூரில் பேரம் பேசி வாங்கி, ஆக்சிஜன் அடைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு, "பள்ளம் பார்த்துப் போங்கண்ணே" என்று ஆட்டோக்காரரைக் கெஞ்சி மயிலாப்பூர் கொண்டுவந்து சேர்த்த மீன், ஒரே வாரத்தில் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மூலையில் போய் நின்றுகொள்கிறது. அதே பையில், ஒரு கல்லின் பொந்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் ஏறிவந்த புழுவுக்கு எந்தக் குறையும் இல்லை. கரண்ட் போனாலும் சரி, அக்னி நட்சத்திரத்தில் சில்லர் மக்கர் பண்ணினாலும் சரி, அது பாட்டுக்கு வம்சம் வளர்க்கிறது.

"கபாலி கோயில் குளத்துல இல்லாத மீனா? பொரி போட்டா கூட்டமா வருது. கரண்ட் பில்லும் கிடையாது" என்பது அம்மாவின் வாதம். இதற்கு இன்றுவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

வெளிநாடுகளில் கடலடிப் பாறையையே பெயர்த்து வந்து தொட்டியில் வைப்பார்கள். கூடவே ஒரு பட்டாளமும் வந்துவிடும். நம் ஊரில் அது நடக்காது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. ஆகவே நாங்கள் செராமிக் கல்லை அடுக்கி, சட்டம் தடுக்காத மென்பவளங்களை வைத்து ஆசையைத் தீர்த்துக்கொள்கிறோம். அந்த மென்பவளம் ஒட்டியிருக்கும் கட்டைவிரல் அளவுக் கல் போதும். நத்தை ஓட்டின் முதுகு போதும். பாசி உருண்டை ஒன்று போதும். பட்டாளம் வந்துவிடும்.

அடையாறு காந்தி நகரில் இருக்கும் நண்பன் தொழிலால் ஆடிட்டர், சுபாவத்தாலும் ஆடிட்டர். ஓர் இரவு அவன் தொட்டியின் மணலிலிருந்து பழுப்பாக, விரல் நீளத்தில் ஏதோ நீண்டது. கடல் அட்டையோ என்ற சந்தேகம் வந்ததும் ஆள் வெளுத்துவிட்டான். ராமநாதபுரம் பக்கம் கடல் அட்டை பறிமுதல் என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறவன். நீரிணைக்கு அந்தப்பக்கம் யாழ்ப்பாணத்தில் அதையே பண்ணை வைத்து வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள் என்று நான் ஆறுதல் சொன்னேன். "காந்தி நகர் யாழ்ப்பாணத்துலயா இருக்கு?" என்றான். கடைசியில் அந்தப் பிராணி பயந்துபோய்த் தும்பிக்கையை உள்ளே இழுத்துக்கொண்டு, தோலுரிக்காத வேர்க்கடலை மாதிரி சுருங்கிக் காட்டி அவனைக் காப்பாற்றியது. கடலைப் புழு. எந்த அட்டவணையிலும் இல்லாத அப்பாவி.

அடையாளம் காண்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை. அம்மாவின் வகைப்பாடு லின்னேயஸுடையதைவிடச் சுருக்கமானது: பூரான், பல்லி, கண்றாவி.

பூரான் என்று அவர் சொல்வது முள்மயிர்ப் புழுவை. விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்பு ஜிகினாத்தாள் சுற்றிப் பார்க்க வேண்டும். சிவப்பு வெளிச்சம் இவற்றின் கண்ணுக்கு அவ்வளவாக எட்டாது. இளஞ்சிவப்பு உடம்பு, இரண்டு ஓரத்திலும் வெள்ளை மயிர்க் குஞ்சம், கல்லின் ஓட்டையிலிருந்து பாதி உடம்பு மட்டும் வெளியே. அந்த மயிர் விரலில் குத்தினால் உடைந்து உள்ளேயே நின்றுகொள்ளும். செலோ டேப்பை ஒட்டிப் பிய்த்து எடுப்பதுதான் வைத்தியம். அம்மா செருப்பைத் தேடினார். ஆனால் இவர்தான் தொட்டியின் துப்புரவுப் பணியாளர். மீன் தின்னாமல் விட்டது, மீனே போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த மீன், எல்லாவற்றையும் விடிவதற்குள் முடித்துவிடுவார். எண்ணிக்கை கூடினால் குற்றம் புழுவினுடையது அல்ல, தீனி போடுகிற கையினுடையது. தீனியைக் குறைத்தால் தானாகக் குறையும்.

பயப்பட வேண்டிய சொந்தக்காரர் வேறொருவர். இங்கிலாந்தில் கார்ன்வாலின் நியூகீ மீன்காட்சியகத்தில் பவளங்கள் வெட்டுப்பட்டுக் கிடப்பதும் மீன்கள் காணாமல் போவதுமாக இருந்தன. 2009-இல் தொட்டியையே கல் கல்லாகப் பிரித்தார்கள். நாலடி நீளத்தில் ஒரு புழு. பாரி என்று பேர் வைத்தார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. இவர் கொடுக்கிற ரகம் இல்லை.

அடுத்து பல்லி. ராத்திரி ஹாலில் 'டக்' என்று ஒரு சத்தம். சற்று விட்டு இன்னொரு 'டக்'. அம்மா தரையில் விரலால் தட்டிவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தார். சத்தம் தென்கிழக்கு மூலையிலிருந்து, கிழமை வெள்ளி. கௌளி சொல்லுக்குப் பலன் பார்க்கப்பட்டது, நல்ல பலன்தான். தென்கிழக்கு மூலையில் இருந்தது தொட்டி. சொன்னது பிஸ்டல் இறால். சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது, ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு. கொடுக்கின் இரண்டு பாகமும் மோதித்தான் சத்தம் வருகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2000-இல் அதிவேகக் கேமரா வைத்துப் பார்த்தபோது தெரிந்தது வேறு: கொடுக்கு மூடுகிற வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி பிறக்கிறது, அது உடைகிற சத்தம்தான் நம் காதில் விழுகிறது. பலன் மாறுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "சொன்னது யாராயிருந்தா என்ன, திசை அதேதானே" என்றார்.

இதே சத்தம் மான்டிஸ் இறாலிடமிருந்தும் வரலாம். அப்படியானால் கதையே வேறு. 1998-இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத்தில், டைசன் என்று பேர் வைக்கப்பட்ட நான்கங்குல மான்டிஸ் இறால் தொட்டிக் கண்ணாடியையே குத்தி உடைத்தது. வித்தியாசம் காலையில் தெரியும். மணலில் சுரங்கம் இருந்தால் பிஸ்டல். நத்தை ஓடு நொறுங்கிக் கிடந்தால் மான்டிஸ். தண்ணீர் பாட்டிலின் தலையை வெட்டி, தலைகீழாகச் செருகி, உள்ளே ஒரு துண்டு இறால் வைத்தால் பொறி தயார். சைவ வீட்டு ஃப்ரிட்ஜில் அந்த இறாலை எங்கே வைப்பது என்பதற்குத்தான் பொறி கிடையாது.

கண்றாவிகளின் தலைவர் அய்ப்டேசியா என்ற கடல் அனிமோன். பழுப்புக் கண்ணாடியில் செய்த குட்டிப் பூ; பார்க்க அழகு. பிய்த்தால் விட்டுப்போன துணுக்கெல்லாம் புதுச்செடியாகும். பெப்பர்மின்ட் இறால் இதைத் தின்னும். ஆனால் கடையில் அந்தப் பேரைச் சொல்லிக் கையில் கொடுப்பது பல நேரம் முதுகு கூனிய ஒட்டக இறால். அது அய்ப்டேசியாவை விட்டுவிட்டு மென்பவளத்தைக் கொறிக்கும். "வெந்நீர்ல போட்டுக் கொதிக்க வை" என்றார் அம்மா. அதுமட்டும் கூடாது. சில மென்பவளங்களில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு, ஆவியோடு மூக்கில் ஏறும். 2018-இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

கைகண்ட மருந்து மாட வீதி வெற்றிலைக் கடையில் கிடைக்கிறது: சுண்ணாம்பு. வெள்ளை மட்டும், கலர்ச் சுண்ணாம்பு ஆகாது. கரைத்து, பம்பை நிறுத்தி, இன்சுலின் ஊசியால் அதன் வாயிலேயே விட வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் விட்டால் தண்ணீரின் பிஎச் எகிறி மீன் முந்திக்கொள்ளும்.

"யாருக்கு சார் சுகர்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"சுகர் இல்லைங்க. சுண்ணாம்பு ஏத்தணும்."

ஊசியைக் கொடுத்தார், மீதிச் சில்லறையைக் கொஞ்சம் தள்ளி நின்று கொடுத்தார்.

தொட்டி என் வீட்டு ஹாலில் இருப்பதால் இதெல்லாம் சிரிப்பு. எண்ணூரில் சிரிப்பு இல்லை. தென்னமெரிக்கக் கடலோரத்து மட்டி ஒன்று கொசஸ்தலை ஆற்றில் கம்பளமாகப் படர்ந்திருக்கிறது. கப்பலோடு வந்ததாகச் சொல்கிறார்கள். மீனவர்கள் வைத்த பேர் காக்கா ஆழி. இறால் ஒதுங்க அடியில் சேறு விடாது. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் கையைக் கிழிக்கும். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஆற்றை வாளியில் போட்டு அலசவா முடியும்?

வாளி என்றதும் நினைவு வருகிறது. புதுக்கல் எது வந்தாலும் நேரே தொட்டிக்குப் போகக் கூடாது. தனி வாளியில் வைத்துக் கண்காணிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வாளியின் மேல் 'குளிக்க அல்ல' என்று மனைவி மார்க்கரில் எழுதியிருக்கிறாள்.

ஆடிட்டர் நண்பன் ஊசி, சுண்ணாம்பெல்லாம் அநாகரிகம் என்று முடிவு செய்து, பெர்கியா என்ற ஓடில்லாக் கடல் நத்தை சிலவற்றை எங்கிருந்தோ நிறைய செலவழித்துத் தருவித்தான். நகத்தளவுதான் இருக்கும். அய்ப்டேசியாவைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காது. வேலையைச் சுத்தமாக முடித்தது. பிறகு போன் வந்தது.

"உன் தொட்டியில அய்ப்டேசியா இருக்கா?"

"ஏன்?"

"இங்க தீர்ந்துபோச்சுடா. நத்தை பட்டினி கிடக்கு."

இப்போது எங்கள் தொட்டியில் ஒரு மூலைக்கு ஊசி போவதில்லை. சனிக்கிழமைதோறும் டப்பாவில் அடையாறுக்கு சப்ளை. விலை இன்னும் படியவில்லை. அவன் பில் கேட்கிறான்.