மசகியல்: ஒரு முன்னாய்வு

கிரீஸ் என்பது சாக்ரடீஸ் பிறந்த தேசம் என்பாரும், காருக்கு அடியில் பூசும் பொருள் என்பாரும் என இருவகையினர் உளர். முன்னவர் கூற்று ஈண்டுக் கொள்ளப்படவில்லை.

இவ்வாய்வுக்கு வித்திட்டது என் காரின் முன்பக்க இடது லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் கீழ்க்கை. வேகத்தடை ஏறும்போதெல்லாம் பழைய ஊஞ்சல்போல் முனகியது. பட்டறையில் விட்டுவிட்டு, "எந்த கிரீஸ் போடப் போறீங்கண்ணே?" என்றேன். "இருக்கிற கிரீஸ்தான் சார்" என்றார் மெக்கானிக். ஒரு நூலுக்குரிய விடையை மூன்று சொல்லில் முடித்துவிட்டார்.

மசகிடுவோர் மூவகையினர். இவர் முதல் வகை, ஏகடப்பாவாதி. வீல் பேரிங், பால் ஜாயின்ட், கதவுக் கீல், பக்கத்து வீட்டு கேட் அனைத்துக்கும் ஒரே டப்பா என்பது அம்மதம். இரண்டாமவர் நிறவாதிகள்: சிவப்பு சூட்டுக்கு, நீலம் தண்ணீருக்கு, கறுப்பு பாரத்துக்கு என்பார்கள். சிவப்பும் நீலமும் வெறும் சாயம். அதை நம்பிக் கடைக்குப் போவது புடவைக்கடைக்குப் போவதற்குச் சமம். கறுப்பில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு.

மாட்டுவண்டிக்கு மை போட்டவர்களுக்கு இது தெரியும். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக் குழாயில் அடைத்து வண்டியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். இன்றைய பால் ஜாயின்ட் கிரீஸும் கிட்டத்தட்ட அதே சமையல்தான். எண்ணெய், அதைப் பஞ்சுபோல் பிடித்து வைக்கும் சோப்பு, கூடவே மாலிப்டினம் டைசல்ஃபைடு என்னும் கரும்பொடி, பெரும்பாலும் நூற்றுக்கு 3 பங்கு. ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட், பேரிங்போல் சுழல்வதில்லை. பெரும்பாரத்தைத் தாங்கிக்கொண்டு மெல்ல அசைகிறது. எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிட்டால், அடுக்கடுக்கான அந்தப் பொடிதான் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே பாயாக விரிந்து கிடக்கும். சோப்பு என்றது உவமையன்று. லித்தியத்தைக் கொழுப்பமிலத்தோடு காய்ச்சிய மெய்யான சோப்பு. லித்தியம் கிரீஸுக்குக் கிளாரன்ஸ் ஏர்ல் என்பவர் 1942-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்று அதற்கான கொழுப்பமிலம் பெரும்பாலும் ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருகிறது. அதாவது தாத்தாவின் விளக்கெண்ணெயையே வாங்குகிறோம். நடுவில் அது அமெரிக்கா போய்வந்த செலவையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

பதம் பற்றி: என்எல்ஜிஐ என்னும் அமெரிக்க அமைப்பு கிரீஸை 000 முதல் 6 வரை ஒன்பது தரமாக வகுத்திருக்கிறது. 25 டிகிரி செல்சியஸில், பிசைந்த கிரீஸுக்குள் ஒரு கூம்பை இறங்கவிட்டு, எவ்வளவு ஆழம் போயிற்று என்று அளப்பார்கள். 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் என்றால் 2-ஆம் தரம். காருக்குப் பெரும்பாலும் இதுதான். அல்வா கிண்டுவோர் கரண்டியைத் தூக்கிப் பார்ப்பதும் இதே சோதனையே. எண் மட்டும் போடுவதில்லை.

மூன்றாமவர் சர்வபூச்சுவாதிகள். புதிதாக எது வந்தாலும் மேலெல்லாம் பூசுவார்கள். இவர்கள் வழுக்குமிடம், ஆர்ம் சட்டத்தோடு சேரும் முனையில் இருக்கும் புஷ். சாதாரண ரப்பர் புஷ்ஷில் ரப்பர் உட்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியே இருக்கும். எங்கும் உரசாது, ரப்பரே முறுக்கிக்கொண்டு அசையும். உரசாத இடத்தில் மசகுக்கு என்ன வேலை? வேலை இல்லாதது மட்டுமன்று, கனிம எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி நைந்துபோகும். பாலியூரித்தேன் புஷ் வேறு சாதி. அது குழாயின்மேல் உண்மையாகவே வழுக்குவது. சிலிக்கான் கிரீஸ் போடாவிட்டால் கிறீச்சிடும். ரப்பர் புஷ்ஷுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: காரைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்தில் நிற்கும்போது போல்ட்டை இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கினால் புஷ் காலமெல்லாம் முறுக்கிய கழுத்தோடு வாழ்ந்து சீக்கிரம் கிழியும்.

இவை எதையும் நான் சொல்லாமலே மெக்கானிக் புது ரப்பர் புஷ்ஷை மாட்டிக் காரை இறக்கினார். பிறகே போல்ட்டை முறுக்கினார். சாஸ்திரம் படிக்காமல் சாஸ்திரப்படி நடப்பவரைக் கண்டு நெகிழ்ந்து நின்றேன். எழுந்தவர், கிரீஸ் ஒட்டிய இரண்டு விரலையும் புத்தம்புதிய புஷ்மேல் வாஞ்சையாகத் தடவினார்.

"அது எதுக்குண்ணே?"

"கையில மிச்சம் இருந்துச்சு சார்."