கொண்டாப்பூர் மாலுமி

கொண்டாப்பூர் ஐ.டி. கம்பெனிகளில் நம் ஊர்க்காரர் ஒருவராவது இப்படி இருப்பார். முதலில் மாரத்தான், அப்புறம் சைக்கிள், இப்போது பாய்மரப் படகு. ஹைதராபாத்துக்குக் கடல் இல்லையே என்றால், குதுப் ஷாக்கள் காலத்து உசேன் சாகர் ஏரி எதற்கு இருக்கிறது என்பார். சஞ்சீவையா பூங்காப் பக்கம் நாலு ஞாயிறு வகுப்புக்குப் போனதுமே ஆள் மாறிவிடுவார்.

அதற்குப் பிறகு இவருக்கு இடம், வலம் கிடையாது. "போர்ட் பக்கம் இருக்கிற சட்னியை எடு" என்பார். போர்ட் என்பது படகில் முகப்பைப் பார்த்து நிற்பவருக்கு இடப்பக்கம். "டைனிங் டேபிளுக்கு முகப்பு எதுங்க?" என்று மனைவி கேட்டால், கொஞ்சம் யோசித்து, "ஃபிரிட்ஜ் பக்கம்னு வெச்சுக்கோயேன்" என்பார்.

கயிற்றைக் கயிறு என்றால் முகம் சுளிப்பார். பாயை ஏற்றுவது ஹேலியார்ட், படகைக் கட்டுவது பெயின்டர், பாயை இழுத்துப் பிடிப்பது ஷீட். மொட்டைமாடியில் காயும் போர்வை படபடத்தால் போதும், "லஃப் ஆகுது, ஷீட்டை இழு!" என்று கத்துவார். வேலைக்கு வரும் அம்மா போர்வையை இழுத்து மடித்து உள்ளே வைத்துவிடுவார்.

பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. இரண்டு பக்கமும் சுமார் 45 டிகிரி விலகி, மாறி மாறி வளைந்துதான் முன்னேற வேண்டும். முகப்பைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பினால் டேக், பின்பக்கத்தைத் திருப்பினால் ஜைப். ஜைப் செய்யும்போது பாயின் அடிக்கட்டை சரேலென்று மறுபக்கம் வீசும். அதற்கு பூம் என்று பெயர். பெயர்ப் பொருத்தம் மண்டைக்குத் தெரியும். ஆபீஸிலும் இதே பாடம்தான்: "மானேஜர் இன்னிக்குச் சூடா இருக்கார். லீவை நேராக் கேக்காதே, டேக் பண்ணு."

எதிரெதிர்ப் பக்கம் காற்று வாங்கி வரும் இரண்டு படகுகளில், வலப்பக்கம், அதாவது ஸ்டார்போர்டில், வாங்குவதற்குத்தான் வழி. அது "ஸ்டார்போர்ட்!" என்று குரல் கொடுத்தால் மற்றது ஒதுங்கியாக வேண்டும். இவர் இதைக் கச்சிபௌலி சிக்னலில் ஓர் ஆட்டோவிடம் சொல்லிப் பார்த்தார். "க்யா மியான்?" என்று கேட்டுவிட்டு ஆட்டோ முன்னால் போயிற்று.

ஏரியில் நடப்பதுதான் வேடிக்கை. அங்கே ஆப்டிமிஸ்ட் என்று ஒரு குட்டிப் படகு. 1947-இல் ஃபுளோரிடாவில் பிள்ளைகளுக்கென்றே வடிவமைத்தது, நீளம் 2.3 மீட்டர், பார்க்கத் தண்ணீர்த் தொட்டி மாதிரி இருக்கும். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இந்த ஏரியில் அதை ஓட்டிப் பழகி, தேசியப் போட்டி வரை போயிருக்கிறார்கள். அப்படி ஒரு பத்து வயதுப் பொண்ணு எதிரே வந்து, "அங்கிள், ஸ்டார்போர்ட்!" என்றாள். அது பந்தய விதிகளில் பத்தாவது விதி என்பதுவரை இவருக்கு மனப்பாடம். காற்று தனக்கு எந்தப் பக்கம் என்று இவர் நிதானிப்பதற்குள், அவளே வளைத்துக்கொண்டு ஏரி நடுவில் நிற்கும் புத்தர் சிலையைத் தாண்டிவிட்டாள்.

ராத்திரி உப்பு ஜாடியையும் பொடி டப்பாவையும் மேஜையில் நகர்த்தி, தவறு அவள்மேல்தான் என்று நிரூபித்துக்கொண்டிருந்தார். மனைவி எழுந்து சீலிங் ஃபேனைப் போட்டார்.

"இப்ப சொல்லுங்க, காத்து எந்தப் பக்கம்?"