ஓ.டி. பட்டம்

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை, நடக்காத வகுப்புகள் ஒழுங்காக நடந்தன. ஆப்பிரிக்க-அமெரிக்க ஆய்வுத் துறையில் பெயருக்கு ஒரு பாடம் இருக்கும். ஆசிரியர் வரமாட்டார், மாணவரும் வர வேண்டாம். பருவ முடிவில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அதற்கு மதிப்பெண் போட்டவர் பேராசிரியர்கூட இல்லை, துறை அலுவலகத்தைக் கவனித்துக்கொண்ட ஓர் அம்மாள். ஏ, பி என்று அள்ளிப் போட்டார். பயன்பெற்றவர்கள் சுமார் 3,100 பேர். அதில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். 2009-இல் அந்த அம்மாள் ஓய்வுபெற்றதும் வீரர்களின் படிப்பு ஆலோசகர்களுக்குக் கை ஒடிந்துவிட்டது. பயிற்சியாளர்களை உட்காரவைத்து, பையன்கள் வகுப்புக்குப் போகாமல், குறிப்பெடுக்காமல் தேறிய அந்தப் பாடங்கள் இனிக் கிடையாது என்று ஸ்லைடு போட்டே காட்டினார்கள். எழவு வீட்டில்கூட அவ்வளவு ஒழுங்காகச் சேதி சொல்லமாட்டார்கள்.

2014-இல் விசாரணை அறிக்கை வந்து நாறியது. ஆனாலும் 2017-இல், கல்லூரி விளையாட்டை ஆளும் அவர்களுடைய தேசிய அமைப்பு, தன் விதிகள் மீறப்பட்டதாகச் சொல்ல முடியவில்லை என்று கையைக் கழுவிக்கொண்டது. சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: அந்த வகுப்புகள் வீரர்களுக்கு மட்டுமல்லாமல் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தனவாம். ஒருவனை ஏமாற்றினால் குற்றம், ஊரையே ஏமாற்றினால் சமத்துவம்.

இந்தச் சமத்துவத்தில் தமிழ்நாடு யாருக்கும் சளைத்ததில்லை. அவர்கள் காகித வகுப்போடு நின்றுவிட்டார்கள். நாம் காகித வாத்தியாரையே கண்டுபிடித்தோம். 2023-24 கல்வியாண்டில் 224 பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் பணியாற்றுவதாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது என்று 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு வெளியிட்டது. ஒருவரே பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரமாம். ஒரே நாளில் அத்தனை ஊருக்கும் ஓடிப் பாடம் நடத்தத் தெம்புள்ள மனிதரை விட்டுவிட்டு, ஒலிம்பிக்கில் நமக்கு நெடுந்தூர ஓட்டக்காரர் இல்லையே என்று புலம்பிக்கொண்டிருக்கிறோம். விளையாட்டு ஒதுக்கீட்டில் முதல் இடம் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

சரி, நிஜமாகவே ஓடத் தெரிந்த கால்கள் இருக்கும் கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2019 நவம்பரில் மாவட்டமானது. மேற்கே கல்வராயன் மலை. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்து, அதன் பிறகுதான் அரசாங்கத்தின் கைக்கு வந்த மலை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகுதான் மலைமேல் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று விசாரிக்க உயர் நீதிமன்றமே தானாக முன்வர வேண்டியிருந்தது. பாதை எங்கே, பஸ் எங்கே என்று நீதிபதிகள் கேட்கிற நிலைமை.

அந்த மலையில் வளரும் பையனுக்கு ஓட்டம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையில் மரவள்ளி மூட்டையோடு ஏறி இறங்கிய கால். அந்தக் காலின் அருமையை அரசாங்கத்துக்கு முன்னால் கண்டுகொண்டவன் செம்மரக் கடத்தல் ஏஜெண்ட். சுமை தூக்கிக்கொண்டு காட்டில் விடிய விடிய ஓடத் தெரிந்தவனை அவன் எந்தச் சான்றிதழும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறான். முன்பணமும் கொடுக்கிறான். ஆந்திரச் சிறைகளில் கிடந்து திரும்பியவர்களைக் கேட்டால் நம் மாநிலத்தின் மிகச் சுறுசுறுப்பான திறனறி தேர்வாளர் யார் என்று சொல்வார்கள்.

அரசாங்கமோ படிவம் கேட்கும். சர்வதேசப் போட்டிக்குப் படிவம் ஒன்று, தேசியப் போட்டிக்கு இரண்டு, மாநில, பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு வேறு. அந்தப் படிவம் வாங்க முதலில் பள்ளியில் விளையாடியிருக்க வேண்டும். பள்ளியில் பி.டி. பீரியட் யாருடையது? கணக்கு வாத்தியாருடையது. பத்தாம் வகுப்பு வந்தால் அறிவியல் டீச்சரும் பங்கு கேட்பார். அதையெல்லாம் தாண்டி எவனோ ஒருவன் ஓடி, ஜெயித்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குள் நுழைந்துவிட்டான் என்று வையுங்கள். அங்கேதான் நம் ஊர்க் கரோலினா தொடங்குகிறது.

முதல் வருடம் முழுக்க ஓ.டி., அதாவது ஆன் டியூட்டி. மண்டலப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி, முகாம் என்று வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே அந்த இரண்டெழுத்து விழுந்துகொண்டே இருக்கும். ஓ.டி. கொடுப்பதில் தவறு இல்லை, கொடுக்கத்தான் வேண்டும். விட்டுப்போன பாடத்தை யார் நடத்துவது என்று கேட்டுப் பாருங்கள். முதல்வர் துறைத் தலைவரைக் காட்டுவார், துறைத் தலைவர் பி.டி. சாரைக் காட்டுவார், பி.டி. சார் கோப்பையைக் காட்டுவார். இன்டர்னல் மார்க் மட்டும் தானாக வந்துவிடும். தங்கம் வாங்கியவனுக்கு இருபத்தைந்துக்கு இருபத்திநாலு. முழுசாகப் போட்டால் யாராவது கேட்பார்களாம். தேர்வுக்கு முந்தின ராத்திரி நண்பனின் ஜெராக்ஸ் நோட்ஸ் வரும். கல்வி உதவி என்று நம்மிடம் இருப்பது அந்த ஜெராக்ஸ் கடை ஒன்றுதான்.

கேட்டில் ஃப்ளெக்ஸ் நிற்கும். அதில் கரஸ்பாண்டன்ட் படம் பெரிதாக, முதல்வர் படம் நடுத்தரமாக, ஓடினவன் படம் ஓரத்தில், ஆதார் அட்டையிலிருந்து எடுத்தது. மூன்றாம் வருடம் முழங்கால் பிசகினால் ஓ.டி. நிற்கும், ஹாஸ்டல் சலுகை நிற்கும், வருகைக் குறைவுக்குக் கண்டோனேஷன் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். அரியர் எத்தனை என்று அன்றைக்குத்தான் எல்லோரும் எண்ண ஆரம்பிப்பார்கள்.

வகுப்புக்கே வந்தவன் மட்டும் என்ன கண்டான் என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். அரசு கலைக் கல்லூரிகளைத் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள். யுஜிசி 2019-இல் சொன்ன மாத உச்சவரம்பு ரூ.50,000. இங்கே கொடுத்தது ரூ.25,000. மீதிப் பாதியைத்தான் கௌரவமாகக் கொடுத்துவிட்டோம் போலிருக்கிறது. 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. ஆகஸ்ட்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. ஆக, ஆசிரியர் நாற்காலிக்கே ஓ.டி. போட்டிருக்கிறோம். ஓடுகிறவனுக்கும் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒரே பாடம்தான், அதாவது ஒன்றுமில்லை. கரோலினா தீர்ப்பின்படி நம்மீது குற்றம் சொல்ல இடமே கிடையாது.

குகேஷ் நாலாம் வகுப்போடு பள்ளிக்குத் தினம் போவதை நிறுத்திக்கொண்டு சதுரங்கம் ஆடினார். 2024-இல் உலக சாம்பியன் ஆனார். அரசு ஐந்து கோடி கொடுத்தது, மகிழ்ச்சி. அந்த வீட்டார் யாரிடமும் பொய்க்கணக்குக் காட்டவில்லை, பையன் முழுநேரம் ஆடுகிறான் என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொல்லத் தாங்குகிற வீடு வேண்டும். அப்பா டாக்டர், அம்மா நுண்ணுயிரியல் நிபுணர். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் சாமை விதைக்கிற வீட்டுக்கு அந்தத் துணிச்சல் கட்டுப்படியாகாது. அந்த வீட்டுப் பையனுக்கு விளையாட்டு போனால் பட்டமாவது மிஞ்ச வேண்டும்.

பட்டம் மிஞ்சுகிறது. அதை எடுத்துக்கொண்டு எங்கே போவான்? காவலர் வேலைக்கு. 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடச் சொல்கிறார்கள். அவன் மெதுவாக ஓடினாலே போதும் என்று ஊரே சொல்லும். ஆனால் ஓட்டம் பிற்பாடுதான். முதலில் எழுத்துத் தேர்வு, அதிலும் தமிழ்த் தகுதித் தேர்வில் நாற்பது சதவீதம் எடுத்தால்தான் அடுத்த தாளையே திருத்துவார்கள். மூன்று வருடம் அவனுக்கு இன்டர்னல் போட்டுக் கொடுத்த ஒருத்தரும் அந்தத் தேர்வுக் கூடத்துக்குள் வர முடியாது. வாசலில் ஹால் டிக்கெட்டைப் பார்த்து, நேராக உள்ளே அனுப்பிவிடுவார்கள்.