கிணறு வெட்டப் போகும் மாப்பிள்ளைக்கு

கண்டி ஹந்தானைச் சரிவுல பத்து பேர்ச் காணி வாங்கி, கிணறும் வெட்டப் போறீங்களாம். ரொம்பச் சந்தோசம் மாப்பிள்ளை. படிச்சவங்க நீங்க, இந்தத் தோட்டத்துக் கெழவன் சொல்ல என்ன இருக்கு? இருந்தாலும் மகளைக் கட்டிக் குடுத்திருக்கேனே, நாலு புத்தி சொல்லாட்டி ஊர் என்னையத்தான் பேசும்.

மொதல்ல, உள்ளங்கையில தேங்காய் வச்சு நீரோட்டம் பாக்கிறவரைக் கூப்பிடுங்க. அவர் காட்டின எடத்துல பெரும்பாலும் தண்ணி வரும். கண்டியில மழைக்கு என்ன கொறச்சல்? பாறைக்கு மேல மக்கிக் கெடக்கிற மண்படையில மழைத்தண்ணி தங்கி நிக்குது, தோண்டினா ஊறுது. புண்ணியம் மழைக்கு, காசு அவருக்கு. குழாய்க்கிணறுன்னாதான் அவருக்குச் சங்கடம். கீழ இருக்கிறது கெட்டிப் பாறை. வெடிப்புல துளை விழுந்தா தண்ணி, தப்பினா வெறும் தூசி. நல்ல வேளை, திகனைப் பக்கம் வாங்கல. அங்க சுண்ணாம்புப் பாறை வேற. கேத்தலுக்கு உள்ளயே வெள்ளை பூசிரும்.

அடுத்து, மலசலகூடக் குழியைக் கிணத்துக்கு மேல்பக்கமே தோண்டுங்க, பக்கத்துலயே. அம்பது அடியாவது தள்ளுன்னு சுகாதாரப் பரிசோதகர் பீஎச்ஐ ஐயா சொல்லுவார். பத்து பேர்ச்சுன்னா சுமார் 2,700 சதுர அடி. அதுல வீடு, வாகனம் நிறுத்த எடம், சாமி மாடம் எல்லாம் போக, அம்பது அடிக்கு எங்க போறது? நீங்க தள்ளித் தோண்டினாலும் மேல்வீட்டுக்காரர் குழி உங்க வேலியோரம்தான் இருக்கும். அதுல ஊறுறது வேலியைப் பாக்காது, சரிவைத்தான் பாக்கும்.

வெள்ளைக்காரன் மட்டும் என்ன ஒசத்தி? 1854ல லண்டன் பிராட் தெருப் பம்புக் கிணத்துக்கு மூணடிக்குள்ள ஒழுகுற மலக்குழி. வாந்திபேதியில 600 பேருக்கு மேல போய்ச் சேந்தாங்க. ஜான் ஸ்நோன்னு ஒரு டாக்டர் வீடு வீடாக் கணக்கெடுத்து, பம்புக் கைப்பிடியைக் கழட்ட வச்சார். அதே தெருவுல பீர் வடிச்ச ஆளுங்க தப்பிச்சாங்க. கையில பீர் இருக்கிறப்ப பம்புத் தண்ணியை யாரு தேடுவா? கதையில இந்தப் பகுதியை மட்டும் என் மக காதுல போட்டுராதீங்க.

கொதிக்க வச்சுக் குடிக்கிறோம் மாமான்னு சொல்வீங்க. கிருமி சாகும், சரி. குழியில இருந்து வர்ற நைத்திரேற்று சாகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல ஆகாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உங்க ஒடம்புக்கு ஒண்ணும் தெரியாது. பால்மா கரைச்சுக் குடிக்கிற என் பேரப்பிள்ளை ஒடம்புதான் நீலம் பூக்கும்.

நகரத்துக்காரங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. கண்டி வாவியில வழியிற தண்ணியோட ஊர் அழுக்கையும் சேத்து, மெத எல வாய்க்கால் வழியா மகாவலியில விடுறாங்க. அதே கங்கையில கீழ, கட்டுகஸ்தோட்டையில அள்ளிச் சுத்திகரிச்சுக் குடிக்கிறாங்க. ஆனா அங்க சோதிச்சுப் பாக்க ஆள் இருக்கு. உங்க கிணத்தைச் சோதிக்க யாரு இருக்கா? எட்டிப் பாத்துட்டு ‘பளிங்கு மாதிரி இருக்கு’ன்னு சொல்ற உங்க அம்மாவா?

அந்த நகரத்துக்கே ஒரு நல்ல புத்தியும் இருந்திருக்கு. துனுமடலாவையில நீர்த்தேக்கத்துக்கு மேல வீடு வர விடாமக் காடாவே வச்சிருக்காங்க. தண்ணியைக் காப்பாத்தணும்னா மேல்பக்கத்தைக் காப்பாத்தணும், விசயம் அவ்வளவுதான்.

அதனால கடப்பாரையைத் தொட முந்தி மேட்டுல ஏறி, யார் யார் குழி எங்கெங்க இருக்குன்னு பாத்துட்டு வாங்க. கிணறு மேல்பக்கம், உங்க குழி கீழ்பக்கம். மழை வெள்ளம் உள்ள எறங்காத மாதிரி வாய்க்கட்டை ஒசத்திக் கட்டுங்க. மழைக்காலத்துல ஒருக்கா, வெயில் காலத்துல ஒருக்கா தண்ணியை ஆய்வுகூடத்துல குடுத்துப் பாருங்க. எடம் சரியா அமையலையா, கிணத்தை மறந்துட்டுக் குழாய்த்தண்ணிக்கு எழுதிப் போடுங்க. கௌரவம் ஒண்ணும் கொறையாது. அறிக்கை நல்லதா வரட்டும், ஒங்க வீட்டுல தேத்தண்ணி குடிக்கிறேன். அதுவரைக்கும் நான் கடையில குடிச்சிட்டுத்தான் வருவேன்.