‘வலிக்காது’ இயல்: குழந்தையைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போவது குறித்து ஓர் ஆராய்ச்சி

குழந்தையைப் பல் டாக்டருக்குத் தயார்செய்யும் வேலை போகிற நாளன்று காலையில் தொடங்குகிறது என்பார் உளர். அது பொருந்தாது. குழந்தை முதல் கவளத்தைத் துப்பிய நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. ‘ஒழுங்கா சாப்பிடலேன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்’ என்னும் வாக்கியம், நம் வீடுகளில் பூச்சாண்டி ஓய்வுபெற்ற பிறகு ஆட்சிக்கு வந்தது. சோறு, தூக்கம், வீட்டுப்பாடம் ஆகிய துறைகள் அனைத்துக்கும் இப்போது டாக்டரே பொறுப்பு. இவ்வாறு மூன்று நான்கு ஆண்டுகள் அரும்பாடுபட்டு ஊட்டிய கல்வியை, கன்னம் வீங்கிய ஒரு காலையில், ஆட்டோ கிளினிக் வாசலை அடைவதற்குள் மறக்கடித்தாக வேண்டும். குழந்தைக்குப் பயிற்சி போதவில்லை என்பது தவறு. பயிற்சி நிறைய இருக்கிறது; அது வேறு பரீட்சைக்கானது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

இதற்குச் சான்று ‘மறுப்புவழி அறிமுகம்’ என்று நான் பெயரிட்டிருக்கும் நிகழ்வு. ஊசி என்ற பேச்சே எழாத இடத்தில், ‘ஊசியெல்லாம் போட மாட்டாங்க கண்ணு’ என்று தொடங்குபவர் பெரும்பாலும் பாட்டி. அதுவரை யாரோ பல்லை எண்ணப் போகிறார்கள் என்றே குழந்தை நினைத்திருக்கும். ‘ரத்தமெல்லாம் வராதுடா’ என்று அப்பா துணைக்கு வருவார். ‘குறடு வச்சு இழுக்கறதெல்லாம் அந்தக் காலம்’ என்று சித்தப்பா வரலாற்று நோக்கில் ஆறுதல் சொல்வார். ஆக ஊசி, ரத்தம், குறடு மூன்றும் வீட்டிலிருந்தே சீர்வரிசையாகக் கிடைத்துவிடுகின்றன. டாக்டரம்மா இன்னும் கிளினிக் ஷட்டரைக்கூடத் தூக்கியிருக்க மாட்டார்.

நன்மைக்காகச் சொல்லும் பொய்க்கு வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார் என்று அப்பாக்கள் வாதிடுவதுண்டு. கொடுத்திருக்கிறார்தான்; ஆனால் விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் வைத்திருக்கிறார். ‘வலிக்கவே வலிக்காது’ என்ற பொய்யின் ஆயுள் ஊசிமுனை ஈறைத் தொடும்வரைதான். அடுத்த தடவை அதே குழந்தை அதே வாசல்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கும்போது, விளைந்த நன்மை எங்கே என்று பரிமேலழகரிடம்தான் கேட்க வேண்டும்.

மருத்துவர்கள் இவ்விஷயத்தில் நம்மைவிடச் சிக்கனமானவர்கள். ஏடல்ஸ்டன் என்பார் 1959-இல் வகுத்த முறை மூன்றே சொல்: சொல், காட்டு, செய். சுழலும் பிரஷை முதலில் சொல்லால் விளக்கி, பிறகு குழந்தையின் நகத்தின்மேல் ஓட்டிக் காட்டி, அதன் பின்னரே பல்லுக்குக் கொண்டுபோக வேண்டும். எச்சிலை உறிஞ்சும் குழாய் ‘தாகக்கார அண்ணன்’ ஆவதும், தண்ணீர் பீய்ச்சும் கருவி ‘குட்டி ஷவர்’ ஆவதும் இம்முறையின் கிளைகள். 1962-இல் ஃபிராங்கல் குழுவினர், நாற்காலியில் குழந்தை நடந்துகொள்ளும் விதத்தை நான்கு படிகளாகப் பிரித்தனர். அடியோடு மறுப்பது ஒரு முனை, சிரித்துக்கொண்டே ஒத்துழைப்பது மறுமுனை. அருமையான அளவுகோல். உடன்வரும் உறவினருக்கும் இதை நீட்டிக்காமல் விட்டதே அதன் குறை. ‘பாத்து டாக்டர், பாத்து’ என்று நொடிக்கொருதரம் சொல்லும் அத்தையை எந்தப் படியில் வைப்பது?

மூன்று வயதுக்குட்பட்டோருக்கு வேறொரு முறை உண்டு. தாயும் டாக்டரும் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார, குழந்தையின் கால்கள் தாயின் இடுப்பருகிலும் தலை டாக்டரின் மடியிலும் இருக்கும். நாற்காலிப் பிரச்சினையே இல்லை. கால்களை நீட்டி, அதன்மேல் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டும் நம் பாட்டிமாரின் கலைக்கு இது தம்பி முறை என்பது என் துணிபு. அங்கும் அழுகை உண்டு. ஆனால் அந்த அழுகையை யாரும் ஒரு வாதமாக மதிப்பதில்லை.

‘விழுந்து முளைக்கிற பல்தானே’ என்னும் கொள்கையினரை இங்கே கண்டிக்காமல் போக முடியாது. பால்பற்கள் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் விடைபெறும் என்பது மெய். ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை சோறு அரைத்தாக வேண்டியவை. போதாக்குறைக்கு, ஆறு வயதையொட்டி அவற்றுக்குப் பின்னால் எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. அது நிரந்தரப் பல். பழைய கூட்டத்தோடு சேர்ந்து நிற்பதால் அதையும் பால்பல் என்றே எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள் என்று குழந்தைப் பல் மருத்துவர்கள் சொல்வதன் காரணமும் இதில் பாதி இருக்கிறது: வலி இல்லாத நாளில் போகிற குழந்தைக்கு அந்த அறை வெறும் அறைதான்.

வீட்டில் ஒத்திகை பார்ப்பதும் நன்று. ஒரு டார்ச், ஒரு ஸ்பூன், நோயாளியாகத் தாத்தா. ஆனால் பல்செட் போட்ட தாத்தாவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மேல்வரிசை முழுவதும் கையோடு வந்து டம்ளருக்குள் போவதைக் கண்ட குழந்தையிடம், ‘உனக்கும் சும்மா பாப்பாங்க’ என்று சொல்வது பயன்தராது. மற்றபடி, சொல்ல வேண்டியது இவ்வளவே: ‘பல்லை எண்ணுவாங்க. கொஞ்சம் கூசும். நான் பக்கத்துலயே இருப்பேன்.’ இதற்கு மேல் பேசும் உறவினரை வீட்டிலேயே விட்டுச் செல்க.

கடைசியாக லஞ்சம். ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போவது நாடறிந்த வழக்கம். மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லை அடைத்தால், மரமரப்பு இறங்க மணிக்கணக்காகும். அதுவரை குழந்தை தன் உதட்டையே மென்றுவிடக்கூடும் என்பதால் டாக்டர் எதையும் தின்னவிட மாட்டார். ஐஸ்கிரீம் அன்று மாலைவரை கடனாக நிற்கும். பல்லைப் பிடுங்கிய குழந்தைக்கோ, குளிர்ச்சி ரத்தக் கசிவைக் குறைக்கும் என்று டாக்டரே சற்று நேரம் கழித்து ஐஸ்கிரீம் சாப்பிடச் சொல்வதுண்டு. ஆக அடைத்தால் பாக்கி, பிடுங்கினால் ரொக்கம். இந்த வேறுபாட்டைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை. கன்னத்தில் பஞ்சோடு ஆட்டோவில் திரும்பும் ஐந்து வயதுக்காரி, மீதி எத்தனை பல் இருக்கிறது என்று நாக்கால் எண்ணிப் பார்த்துக்கொண்டு வருகிறாள்.