மௌன உபதேசம்

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்துக்கு வெளியே, செங்கம் சாலையில், மௌனத்துக்கு நல்ல கிராக்கி. கடல் கடந்து வந்தவர்கள் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கி மௌனம் இருக்கிறார்கள். குருமாரில் மூத்தவரான தட்சிணாமூர்த்தி வாயே திறக்காமல் நாலு முனிவர்களுக்கு ஞானம் கொடுத்தவர். அவருக்கும் பக்கத்திலேயே ஒரு கோயில் உண்டு. 1896இல் இங்கே வந்து சேர்ந்த ரமணரும் பேச்சைவிட மௌனத்தால் அதிகம் சொல்லிக்கொடுத்தவர் என்பார்கள். இந்த ஊர்க்காரனுக்கு ஆகவே ஒன்று சுலபமாகப் புரியும்: மண்ணையும் தண்ணீரையும் காற்றையும் இருபத்து நாலு மணி நேரமும் தானாகவே கண்காணிக்கும் கருவிகள் நம் நாட்டில் ஏன் பேசுவதில்லை என்பது. அவை ஞானமடைந்துவிட்டன.

மலைதான் விரதத்தைக் கலைத்தது. 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு புதுச்சேரி பக்கம் கரையேறிய ஃபெஞ்சல் புயல் போகிற வழியில் எங்கள் தலையில் நின்று கொட்டியது. ஆசிரமத்துக்கு மறுபக்கம், வ.உ.சி. நகரில், அன்று மாலை மண்ணும் பாறையுமாகச் சரிவு இறங்கி ஒரு வீட்டை மூடியது. உள்ளே ஏழு பேர். ஒரு கணவன், மனைவி, அவர்கள் பிள்ளைகள் இருவர், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மூவர். ஏழு பேரில் ஐந்து பேர் குழந்தைகள். முதல் யுகத்தில் நெருப்பாகவும் பிறகு மாணிக்கமாகவும் பொன்னாகவும் நின்ற மலை கலியுகத்தில் வெறும் கல்லாகிவிட்டது என்று தலபுராணம் சொல்லும். கல் என்றால் அசையாது என்று மாவட்ட நிர்வாகமும் புராணத்தை நம்பியிருந்தது போலிருக்கிறது.

பிறகு எல்லாரும் வந்தார்கள். மீட்புப் படை வந்தது, மந்திரிகள் வந்தார்கள், தலைக்கு ஐந்து லட்சம் வந்தது, ஐஐடி பேராசிரியர்கள் வந்து மண்ணைப் பார்த்தார்கள். டிசம்பர் 13 கார்த்திகை தீபம். அதற்குள் ஒரு வல்லுநர் குழு 2668 அடி மலையில் ஏறிப் பார்த்துவிட்டு, பக்தர்கள் ஏறினால் ஆபத்து என்று சொல்ல, அந்த வருடம் மலையேற அனுமதி இல்லை என்று அறிவிப்பு வந்தது. சரியான முடிவு, நான் குறை சொல்லவில்லை. என் கேள்வி எளிமையானது. பன்னிரண்டு நாளுக்குள் மலையைப் படித்து, எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று சொல்ல முடிகிறதல்லவா? கால் வைக்க வருகிறவனுக்காகப் படித்த மலையை, அதன் காலடியில் தலை வைத்துத் தூங்குகிறவனுக்காக ஏன் ஒருநாளும் படிக்கவில்லை?

அங்கே வீடு கட்டியதே ஆக்கிரமிப்பு என்பார்கள். இருக்கட்டும். சரிவில் ஏறிப் போய்ப் பாருங்கள், வீட்டுக்கு வீடு மின் மீட்டர் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மூச்சிரைக்க ஏறி வந்து ரீடிங் எடுக்கிறார். மலைமேல் மழையிலும் வெயிலிலும் பழுதில்லாமல் ஓடி, ஒரு யூனிட் விடாமல் அரசுக்குத் தகவல் தருகிற ஒரே கண்காணிப்புக் கருவி அதுதான். அதில் மட்டும் சிக்னல் கிடைக்கவில்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது, குரங்கு பிடுங்கிப் போட்டது என்ற பேச்சே எழுந்ததில்லை.

சரிவைக் கண்காணிப்பது ஏதோ செவ்வாய் கிரகத்துச் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். மழை பெய்யப் பெய்ய மண்ணுக்குள் இருக்கும் இடுக்கெல்லாம் தண்ணீர் ரொம்பும். ரொம்பிய தண்ணீர் மண் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளும். பிடிப்பு விட்டதும் சரிவு இறங்கும். அந்த நீரழுத்தத்தை அளக்க ஒரு கருவி, மண்ணின் ஈரத்துக்கு ஒன்று, தரை சாய்கிறதா என்று பார்க்க ஒன்று, மழைக்கு ஒரு மானி. துளை போட்டு இறக்கி, கம்பியில்லாமல் தகவல் அனுப்பச் செய்தால் ஆயிற்று. மூணாறில், ஒரு மலைக் குடியிருப்புக்கு மேலே, அமிர்தா பல்கலைக்கழகத்தார் இதை 2009இலேயே செய்து காட்டினார்கள். எங்கள் மலை சரிந்தபோது அந்த ஏற்பாட்டுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்புப் படிக்கிற வயது.

தில்லிக்கும் அக்கறை உண்டு. தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் என்று ஒன்றைக் கொல்கத்தாவில் திறந்தார்கள். திறந்த நாள் 2024 ஜூலை 19. சரியாகப் பதினொரு நாளில், ஜூலை 30 விடிவதற்குள், வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின; இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். இதில் வயிற்றைப் பிசைகிற விஷயம் வேறு. கல்பற்றாவில் ஹியூம் மையம் என்ற சின்ன ஆய்வு அமைப்பு, மாவட்டம் பூராவும் தோட்டத்துக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் கொண்டு மழைமானி வைத்துத் தினமும் அளவு எழுதிவருகிறது. அந்தக் கணக்கைப் பார்த்து, ஏறக்குறைய பதினாறு மணி நேரம் முன்பாகவே சரிவு வரலாம் என்று நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். சொன்னார்கள். கேட்டவர்களுக்கு அது கருவியாகப் படவில்லை. டெண்டர் விடாமல், ரிப்பன் வெட்டாமல், ஊர்க்காரன் கையால் எழுதிய எண்ணுக்கு ஏது மரியாதை?

மலைதான் இப்படி என்றால் புகைபோக்கிக்கு வாருங்கள். 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசு கக்கும் 17 வகை ஆலைகள் புகைபோக்கியிலும் கழிவுநீர்க் குழாயிலும் தானியங்கிக் கருவி மாட்டி, அளவுகளை இடைவிடாமல் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. கருவியை வாங்குவது ஆலை. விற்பவரைத் தேர்ந்தெடுப்பது ஆலை. பராமரிக்கக் காசு கொடுப்பதும் ஆலை. கிண்டியில் மாநில வாரியத்தின் திரைமுன் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது ஆலை வளர்த்த பிள்ளை ஆலையைப் பற்றிச் சொல்லும் சாட்சியை. வேலிக்கு ஓணான் சாட்சி என்றாலும் ஓணானுக்கு வேலி சம்பளம் கொடுப்பதில்லை.

தப்பித்தவறிக் கருவி உண்மை பேசிவிட்டால்? 2013 மார்ச் 23 காலை தூத்துக்குடியில் சனங்கள் தொண்டை எரிந்து, கண் எரிந்து, இருமிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஸ்டெர்லைட் புகைபோக்கியின் கருவியில் கந்தக டை ஆக்சைடு கன மீட்டருக்கு 2939.55 மில்லிகிராம் என்று பதிவாகியிருந்ததாக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. எல்லை 1250. ஆலையின் பதில்: அது கருவியைச் சரிபார்க்கும்போது வந்த எண். அதாவது, கருவி வேலை செய்யாதபோது காட்டுவதுதான் வேலை செய்யும் அளவு, வேலை செய்துவிட்டால் அது கோளாறு. வாரியம் மூடியது, பசுமைத் தீர்ப்பாயம் திறக்கச் சொன்னது. ஊராரின் தொண்டையை யாரும் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. ஐந்து வருடம் கழித்து, 2018 மே 22 அன்றும் மறுநாளும், ஆலையை மூடச் சொல்லித் திரண்டவர்களுக்கு அதே ஊர்த் தெருவில் போலீஸ் துப்பாக்கியால் பதில் சொன்னது; செத்தவர்கள் பதின்மூன்று பேர். ஆலையைக் கடைசியில் மூடியது அந்தப் பிணங்களை எண்ணிய பிறகுதான்.

திருவொற்றியூர் கதை இன்னும் சுத்தமானது. 2024 அக்டோபர் 25 அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் ஏதோ நெடி அடித்து மாணவிகள் மயங்கி விழுந்தார்கள். நடமாடும் கருவி வண்டி வந்து நின்றது, காற்றை உறிஞ்சிப் பார்த்தது, குற்றம் சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை. நவம்பர் 4 பள்ளியைத் திறந்தார்கள். மறுபடியும் மயங்கினார்கள். வாயு எங்கிருந்து வந்தது என்று அப்போது ஊருக்குத் தெரியவில்லை. வண்டி வந்தால் ஒளிந்துகொண்டு பிள்ளைகள் வந்தால் வெளிவருகிற வாயு, வட சென்னையைச் சுற்றியிருக்கும் அத்தனை தொழிற்சாலைகளிலும் எந்த ஒன்றுக்கும் சொந்தமில்லாத அநாதை வாயு. இதற்குப் பத்து மாதம் முன்னால், எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து நள்ளிரவில் அமோனியா கசிந்தபோதும் முதலில் அபாயமணி அடித்தது பெரியகுப்பத்துச் சனங்களின் மூக்குதான். 400 மைக்ரோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 2090 இருந்தது என்ற கணக்கு, சனங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடிய பிறகு வந்தது.

வ.உ.சி. நகரில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த டிசம்பர் 2 இரவு, போபால் விஷவாயுக் கசிவுக்கு நாற்பது வருடம் நிறைந்தது. யாரும் சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அங்கே தொட்டியின் அழுத்தமானி அந்த இரவு ஏறத்தான் செய்தது. ஆலையில் கருவிகள் எப்போதும் தாறுமாறாகவே காட்டும் என்பதால் அதை நம்ப ஆளில்லை. கசிவைக் கண்டுபிடித்தவை தொழிலாளிகளின் கண்கள், எரிந்து நீர் வடிந்து. டீ குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார்கள். குடித்தார்கள். பிறகு ஊருக்குக் கேட்கும் சங்கை ஊதி, கொஞ்ச நேரத்தில் நிறுத்தியும் விட்டார்கள்.

ஆகவே நம் அரசுகளுக்கு உகந்த கருவி எது என்று நான் யோசித்து வைத்திருக்கிறேன். டெண்டரில் சேர்த்துக்கொள்ளலாம், உரிமைத்தொகை கேட்க மாட்டேன். கருவி சாவுக்கு முன் பேசக் கூடாது, சாவுக்குப் பின் பேசினாலும் எண்ணில் பேசக் கூடாது. மந்திரி வரும் நாளில் பச்சை எரிய வேண்டும். கோர்ட்டில் ‘அளவுத்திருத்தம்’ என்று சொல்லத் தோதாக ஒரு பொத்தான் அவசியம். சீனத்துச் சியானில் 2016இல் அதிகாரிகளே காற்றளவைக் கருவியின் மூக்கில் பஞ்சுத்துணி அடைத்து நகரத்துக் காற்றைச் சுத்தமாக்கினார்கள். பாவம், மாட்டிக்கொண்டு தண்டனை அடைந்தார்கள். நம் கருவிக்குப் பஞ்சு தயாரிப்பிலேயே உள்ளே வைத்து வர வேண்டும், வெளியிலிருந்து அடைப்பது காட்டுமிராண்டித்தனம். தீபத்துக்குப் பறக்கும் ட்ரோனும் கிரிவலப் பாதைக் கேமராவும் கூட்டத்தைக் கண்காணிக்கட்டும், கூட்டத்துக்கு மேலே இருக்கும் மலையைத் தப்பித்தவறியும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது.

எங்கள் பக்கத்து டீக்கடைக்காரர் இதெல்லாம் படிக்காதவர். டிசம்பருக்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து, பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை ஒட்டி, கடைக்குப் பின்னால் திறந்தவெளியில் வைத்திருக்கிறார். மழை பெய்த மறுநாள் காலை பாலைக் காய வைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பார். தினசரிக் காலண்டரில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் மில்லிமீட்டர் கணக்கு.

“சார், நேத்து ராத்திரி மட்டும் எம்பத்தி நாலு. முந்தாநாள் அறுவது. இத்த யார்கிட்ட சார் சொல்றது?”

மழை விடவில்லை. மலை மேகத்துக்குள் இருந்தது. அவசர உதவிக்கு என்று சுவரில் எழுதியிருந்த ஓர் எண்ணை நானே என் போனில் அழைத்துக் கொடுத்தேன். நீண்ட பாட்டுக்குப் பிறகு ஒரு குரல் வந்தது.

“வணக்கம் மேடம், ரமணாசிரமத்தாண்டயிலிருந்து பேசறேன். ரீடிங் சொல்லணும். ரெண்டு நாள்ல நூத்தி நாப்பத்தி நாலு ஆயிடுச்சி. மேல சரிவுல சனங்க இருக்காங்க, அதான்...”

அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு பொறுமையாக, மரியாதையாகக் கேட்டார்கள்:

“மீட்டர் ரீடிங்கா சார்? சர்வீஸ் நம்பர் சொல்லுங்க.”