கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். அதை நான் சைக்கிளில் மிதித்தே போனால் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் தருவதாகப் பெரியப்பா ஒப்புக்கொண்டார். மற்ற சொந்தக்காரர்கள் ஐந்நூறு, ஆயிரம் என்று ஜிபே செய்துவிட்டு மறந்துபோனார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இவர் மட்டும் லைவ் லொகேஷன் கேட்டார். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

வசூல், ராமநாதபுரம் பக்கம் ஓர் ஊரணியைத் தூர்வார. அந்த மாவட்டத்தில் பல ஊர்களில் போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான். மழைநீரைத் தேக்கி வைக்கும் ஊரணியை நம்பித்தான் காலங்காலமாகக் குடித்திருக்கிறார்கள். குழாயில் காவிரித் தண்ணீர் வராத நாளில் இன்றைக்கும் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். இதையெல்லாம் உருக்கமாக எழுதிக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்தச் சைக்கிள் வாங்கின காசைக் குடுத்திருந்தாலே பாதி வேலை முடிஞ்சிருக்குமேடா?" பதில் இருக்கிறது, சொல்லத்தான் கூச்சம். வீட்டில் உட்கார்ந்து கேட்டால் யார் தருவார்கள்? ஒருத்தன் வெயிலில் காவடி எடுப்பதைப் பார்த்தால்தான் நம் ஆட்களுக்கு உண்டியல் ஞாபகம் வரும்.

மார்கழி முழுக்க விடியற்காலையில் ஓட்டிப் பழகுவதாகத் திட்டம். பஞ்சு வைத்த ஷார்ட்ஸ் ஒன்று வாங்கினேன். பழக்கம் அதோடு நின்றது.

புறப்பட்டது ஜனவரியில், இதே வசூலுக்காக மிதித்த ஒரு குழுவோடு. மானாமதுரை டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "வாடை அடிக்கிற நேரத்துல கெழக்க போறீகளே தம்பி!" என்றார். பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன். ஊர் எல்லை தாண்டியதும்தான் அது வானிலை அறிக்கை என்று புரிந்தது. கூடவே வந்த வைகை பெரும்பாலும் மணலாகக் கிடந்தது. ஒதுங்கலாம் என்றால் எங்கும் சீமைக்கருவேலம். நிழல் கம்மி, முள் தாராளம்.

பரமக்குடியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அது உண்மை. குழுவோடு வந்த வேனில் ஏற்றினார்கள். ஐந்து நிமிடத்தில் வலி விட்டுவிட்டது, ஏசிதான் விடவில்லை. அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா அழைத்தார்.

"என்னடா, பரமக்குடி தாண்டினதும் அறுபதுல பறக்குறே?"

"காத்து திரும்பிடுச்சு பெரியப்பா."

"அப்படியா? வண்டி நம்பர் என்ன?"

சத்திரக்குடியில் இறங்கிக்கொண்டேன்.

ராமநாதபுரம் தாண்டி, அந்த ஊரணியைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். நல்ல மழை பெய்திருந்த வருஷம், தண்ணீர் தளும்பியது. முகம் கழுவலாம் என்று படியில் இறங்கினேன், அடியில் இரும்பு வைத்த சைக்கிள் ஷூ டக் டக்கென்று சத்தம் போட. "யாருய்யா அது செருப்போட? ஏறு மேல!" கரையிலிருந்து ஓர் அப்பத்தா. ஊரணியில் துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, மனிதர்களும் வெறுங்காலோடுதான் இறங்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டைப் புகழ்ந்து வாட்ஸப்பில் இரண்டு பத்தி எழுதியவனே நான்தான்.

கரையேறி ஷூவைக் கழற்றினேன். அதற்குள் அப்பத்தா இறங்கி, குடத்தின் அடியால் மேல்தண்ணீரை இரண்டு பக்கமும் விலக்கி, அமிழ்த்தி எடுத்து, முந்தானையில் வடிகட்டி ஒரு சொம்பு நீட்டினார். வீட்டுக்குப் போய்த் தேத்தாங்கொட்டையை உரசிக் கலந்தால் இன்னும் தெளியும் என்றார். லேசான மண் வாசனை, உப்பே இல்லை. அடுத்து அவர் கண், என் சைக்கிளில் மாட்டியிருந்த பாட்டிலுக்குப் போனது.

"அதுல என்னய்யா, கலங்கலா?"

"உப்புச்சத்துப் பொடி, அப்பத்தா. தண்ணியில கரைச்சிருக்கேன்."

"உப்புத்தண்ணியா? அது எங்க போர்லயே வருதே! இதுக்கா காசு குடுத்தே?"

கூட வந்தவர்கள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அந்தக் காற்றில் அதைச் சைக்கிளை உருட்டிக்கொண்டேதான் கடந்தேன். மேட்டில் மட்டும் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டேன். இன்றுவரை முகப்புப் படம் அதுதான். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்த பெரியப்பா, ஒரு கால் தரையில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். கணக்கு முடித்தபோது வேனில் போன தூரத்துக்குப் பூஜ்யம், உருட்டிய தூரத்துக்குப் பாதி ரேட். "அங்க சைக்கிள் உன்னைக் கூட்டிட்டுப் போகல, நீதான் அதைக் கூட்டிட்டுப் போனே" என்று விளக்கமும் கொடுத்தார். மறுத்துப் பேச வழியில்லை.

ஆவணியில் ஊரணி வற்றியதும் ஜேசிபி இறங்கியது. என் பங்கு வசூல் அதற்கு அரை நாள் வாடகை. மீதி நாட்களுக்கான பணம், கால் பிடிக்காதவர்கள் திரட்டியது. அள்ளிய வண்டலை ஊர்க்காரர்கள் டிராக்டரில் வயலுக்குக் கொண்டுபோனார்கள். வரத்துக்கால்வாயையும் சீர்செய்து விட்டதால் ஐப்பசி மழைக்கு ஊரணி தயார்.

அடுத்த ஜனவரிப் பயணம் ராமேஸ்வரத்தில் தொடங்கி மதுரையில் முடிகிறது. வாடை இந்த முறை முதுகில் தள்ளும் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டேன். காற்று தள்ளிய கிலோமீட்டருக்கு என்ன ரேட் என்று பெரியப்பா இப்போதே கேட்கிறார்.